நடுவர் ஆற்றுப்படை

விளையாட்டு வெளியிற் கூடும் மக்களுள் ஆடுவோர்க்குப் புகழுண்டு, காண்போர்க்கு இன்பமுண்டு, நடத்துவோர்க்கு மேடையும் மாலையும் உண்டு. இம்மூவகையாருள் எவரோடும் சேராது, வெயிலில் நின்று, ஓடிக் குனிந்து கோட்டை நோக்கி, விசில் ஊதித் தீர்ப்புச் சொல்லி, வசை பெற்று வீடு திரும்புவார் ஒருவர் உளர். அவரே நடுவர். முன்னைய தலைமுறையினர் அவரை மத்தியஸ்தர் என்றனர். வென்றவர் தம் திறத்தால் வென்றதாகவும், தோற்றவர் நடுவரால் தோற்றதாகவும் கூறுதல் உலக வழக்கு. ஆதலின் நன்றி பெறாத பணிகளுள் இதனை முதலில் வைத்து எண்ணினும் மிகையாகாது.

இத்தகைய பணிக்கு இளைஞர் வருதல் அரிது. வந்தவர் நிலைத்தல் அதனினும் அரிது. அவரை நிலைபெறச் செய்வது யாது என்னும் வினாவையே யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம். விதிநூலைக் கொடுத்துத் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்குதல் மட்டும் போதாது. பணியில் முதிர்ந்த ஒருவர் தொடக்க ஆண்டுகளில் உடனின்று பழக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. அவ்வுதவி முதற்கண் சென்றடைய வேண்டிய இடங்களுள் ஒன்று ஜவ்வாது மலை என்பதும், அதனைக் கொண்டு செல்லும் கடமை நம் கல்லூரிக்கு உண்டு என்பதும் அக்கருத்தின் முடிவுகளாம்.

நடுவு நிலைமையைத் தமிழர் அறியாதவரல்லர். திருவள்ளுவர் தம் நூலின் 12ஆம் அதிகாரத்தை அப்பெயராலேயே வகுத்தார். அதற்கு முன்னிற்பது செய்ந்நன்றியறிதல்; பின்னிற்பது அடக்கமுடைமை. நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்குங்கால் நடுவு நிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது. ஆதலின் செய்ந்நன்றியறிதலின் பின்னே இது வைக்கப்பட்டது என்பது பரிமேலழகர் கண்ட இயைபு. விளையாட்டு வெளியில் நின்றார்க்கு இவ்வுரையின் நுட்பம் நன்கு புலனாகும். தம்மை வண்டியில் ஏற்றிவந்து சோறிட்டு உபசரித்த ஊரின் அணிக்கு எதிராக விசில் ஊதுதல் எளிதோ? மாமனும் மச்சானும் கோட்டருகே நின்று நோக்கும்போது அவர்தம் பிள்ளையை வெளியேற்றக் கையுயர்த்துதல் எளிதோ? இவ்விரண்டையும் செய்து முடித்தபின் செருக்கின்றி நிற்றற்கு மூன்றாவதாக அடக்கமும் வேண்டும். அதிகார முறையே நடுவர்க்கு ஒரு பாடமாய் அமைந்திருத்தல் காண்க.

ஆயினும், நெஞ்சின் நேர்மை ஒன்றே நடுவர்க்குப் போதுமெனக் கொள்ளுதல் பொருந்தாது. நேர்மையாளர் ஒருவர் நிற்கத்தகாத இடத்தில் நின்றால் அவர் கண் காணவேண்டியதைக் காணாது. கண்டதை உரத்துச் சொல்லத் தயங்கின் அவர் தீர்ப்பு ஐயத்துக்கு இடமாகும். விதி மாறியதை அறியாதிருப்பின் அவர் நேர்மையே ஒருவர்க்குத் தீங்காய் முடியும். நடுவு நிலைமை அறம். நடுவராயிருத்தல் அவ்வறத்தின்மேற் கட்டிய தொழில். அறத்தை வீடும் திருச்சபையும் நூலும் ஊட்டலாம். தொழிலையோ தொழிலறிந்தாரே பழக்குதல் வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சீன நாட்டு ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், ஆடவர் கபடி இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் எதிர்நின்றன. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் இல்லாத வேளை; இருபாலும் 28 புள்ளி. இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிச் சென்றவர், எவரையும் தொடாமலே பக்கத்து லாபியுள் கால் வைத்தார். ஈரானியர் சிலரும் அவரைத் தொடர்ந்து அதனுள் புகுந்தனர். யார் யார் வெளியேற வேண்டும், யாருக்கு எத்தனை புள்ளி என்பதில் வழக்கு எழுந்தது. பழைய விதி ஒன்று சொல்ல, புதிய விதி வேறொன்று சொல்லிற்று. தீர்ப்பு ஒரு முறை வந்தது; மாறிற்று; மீண்டும் மாறிற்று. ஒரு தீர்ப்பை ஓரணி மறுத்தது. மறுதீர்ப்பை மற்றோரணி மறுத்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இறுதியில் இந்தியா 33 - 29 என வென்றது. ஆயினும் அன்று கண்டோர் நெஞ்சில் வெற்றியினும் குழப்பமே மிகுதியாய் நின்றது.

அந்நடுவர்கள் தேர்வு பெறாதவரல்லர். பல நாட்டினர் முன் நிற்கத் தகுதியுடையார் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவரே. அவர் பக்கத்தில் ஒளிப்படக் கருவிகள் இருந்தன, மேலதிகாரிகள் இருந்தனர். அங்கேயே இவ்வாறாயின், கருவியும் மேலதிகாரியும் இன்றி, மண்ணிற் சுண்ணாம்புக் கோடு கீறி ஆடும் மலையூர்க் களத்தில் நிற்கும் இளைஞனது நிலை யாதாகும்? அவனைக் காப்பது அவனது முன்பழக்கம் ஒன்றே. அப்பழக்கத்தை அவனுக்கு அளிப்பார் யார்?

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. இந்நாளில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. செய்யாறு பிறப்பது அதன்கண்ணே. 1986ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர்த் தொலைநோக்கியால் விண்மீன்களை ஆராய்ந்துவரும் காவலூர் வானாய்வுக் கூடமும் அம்மலைமேலதே. ஜமுனாமரத்தூரைத் தலையூராகக் கொண்டு சிற்றூர்கள் பல சிதறிக் கிடக்கின்றன. அங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி எனப்படும் பழங்குடியினர், கேரள நாட்டாரல்லர், தமிழ் பேசுவோர், சாமை விளைவிப்போர், பலாவும் புளியும் தேனும் கொண்டு கீழிறங்கி விற்போர். அவர்தம் பிள்ளைகள் பயிலுதற்கு அரசினரின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள.

அம்மலையூர்களில் கபடிக்குக் குறைவில்லை. நம்முடன் பயிலும் மலை மாணவர்பால் கேட்டும், அவர்தம் ஊர்க்குச் சென்று நேரிற் கண்டும் யாம் அறிந்தது இது: மேடு பள்ளத்தில் ஆடிப் பழகிய கால்கள் சமனிலத்தில் மிக விரைந்து செல்கின்றன. மூச்சடக்கும் ஆற்றல் வியக்கத்தக்கது. பொங்கல், ஊர்த் திருவிழா என்னும் நாட்களில் ஊர்க்கு ஊர் அணி திரளும். ஆனால் விசில் ஊதற்கு ஆள் தேடும் வேலை அன்று காலையிலேதான் தொடங்குகின்றது. பள்ளி உபாத்தியாயர் ஒருவர் வாய்த்தால் நன்று. இல்லையேல் கீழிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். அவரும் வாராவிடின் முன்னாளில் ஆடிய ஒருவரைப் பிடித்து நிறுத்திவிடுவர். ஓர் ஐயம் எழுந்தால் கூட்டம் களத்தினுள் இறங்கும். சில வேளை ஆட்டம் அத்துடன் முடியும்; அவ்விரண்டு ஊரும் அடுத்த ஆண்டு ஒன்றையொன்று அழைப்பதில்லை.

கபடி எளிய ஆட்டம் என்பார் அதன் விதிகளை நோக்கிலர். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது; மகளிர் களம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. பாடிச் செல்வோர்க்கு 30 நொடி. எதிரணியில் அறுவர்க்குக் குறையாது நின்றால் மட்டுமே போனஸ் கோட்டுக்குப் புள்ளி. பிடியும் போராட்டமும் தொடங்கினால் லாபி களத்தின் பகுதியாகும், தொடங்காவிடின் ஆகாது. இவையனைத்தும் நிகழ்வது ஒரு மூச்சளவில். இவற்றைக் காணுதற்கு முறைப்படி ஒரு ரெஃபரி, இரண்டு அம்பயர், ஒரு புள்ளி எழுதுவோர், அவர்க்குத் துணைவர் இருவர் என அறுவர் வேண்டும். மலையூர்க் களத்தில் அறுவர் வேலையையும் பெரும்பாலும் ஒருவரே செய்கின்றார். ஒருவர்க்கு இரண்டு கண்களே உள.

இதனால் நேரும் இழப்பு வெறும் சச்சரவன்று. விதி தளர்ந்த களத்தில் ஆடிப் பழகிய சிறுவன், வட்டாரப் போட்டிக்கோ முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கோ கீழிறங்கி வருங்கால், முதல் ஐந்து நிமிடத்தில் இருமுறை வெளியேற்றப்படுகின்றான். தன் ஊரில் எவரும் தவறென்று சொல்லாத ஒன்றுக்காகத் தான் தண்டிக்கப்படுவதாக அவன் எண்ணுகின்றான். ‘மலைக்காரன் என்பதால் ஊதிவிட்டார்கள்’ என்ற சொல் அவனுடன் மலையேறுகின்றது. அச்சொல் சில வேளை மெய்யாயும் இருக்கலாம். பல வேளை விதி அறியாமையின் விளைவாயும் இருக்கலாம். எது எவ்வாறாயினும், அவனுக்கு விதியை விளக்கும் ஒருவர் அவனூரிலேயே இருந்திருப்பின் அம்மனப்புண் நேர்ந்திராது. பெண்மக்கள் திறத்தில் இழப்பு இன்னும் பெரிது. களத்தில் ஒழுங்கில்லை, கூட்டம் உள்ளே இறங்குகின்றது என்னும் காரணத்தால் ‘நீ ஆடியது போதும்’ என்று பெற்றோர் நிறுத்திவிடுகின்றனர். நல்ல நடுவர் ஒருவர் நிற்கும் களத்துக்குத் தாய்மார் அஞ்சாது மகளை அனுப்புவர்.

இவற்றிலும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. மலைமக்கள் எங்கும் தீர்ப்புக்கு உட்படுவோராகவே நிற்கின்றனர். தீர்ப்புச் சொல்வோராக நிற்பதை நாம் கண்டதில்லை. ஆட்டத்திலும் அவ்வாறே. ஆடுபவன் மலையினன், ஊதுபவர் கீழ்நாட்டினர். ஊர்க் கவுண்டரும் பெரியோரும் கூடியிருந்து இருபக்கமும் கேட்டு வழக்குத் தீர்க்கும் மரபு அம்மக்களிடம் பழமையாய் உண்டு. அவ்வாறிருக்க, விளையாட்டுக் களத்தில் மட்டும் அவர் ஏன் பிறர் தீர்ப்பையே எதிர்நோக்கி நிற்றல் வேண்டும்?

‘சங்கங்கள் தேர்வு நடத்துகின்றனவே, அதில் எவரும் தேறலாமே’ என்பார் உளர். தேர்வு வேண்டும்; அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் தேர்வுத்தாளில் லாபி என்பது ஒரு மீட்டர். களத்தில் அது புழுதியில் அழிந்த கோடு. தேர்வுத்தாளில் பிடிபட்டவன் பிடிபட்டவனே. களத்தில் அறுவர் உடல்களின் அடியில் அவன் கை நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதை ஒரு நொடியிற் காண வேண்டும். எங்கு நின்றால் அக்கையைக் காணலாம்? ஐயமாயின் மறுபக்கத்து அம்பயரை எவ்வாறு கேட்பது? கேட்பதால் தன் மதிப்புக் குறையாது என்பதை எங்ஙனம் அறிவது? சினந்து வரும் அணித்தலைவனிடம் எத்தனை சொற்கள் பேசுவது? எந்நிலையில் பேச்சை நிறுத்துவது? பெருந்தவறு செய்துவிட்டதாக ஆட்டத்தின் நடுவே தனக்கே தோன்றினால், அடுத்த விசிலை எந்த மனத்தோடு ஊதுவது? அதனைச் சரிக்கட்ட எண்ணி மறுபக்கத்துக்கு ஒரு புள்ளி ஈதல் இரண்டாம் தவறாகும் என்பதை யார் சொல்வது? இவ்வினாக்களுக்கு விடை எந்த விதிநூலிலும் இல்லை. முதிர்ந்த நடுவர் ஒருவரின் பக்கத்திலே நின்றார்க்கே அது கிட்டும்.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பியா விழாவுக்கு நடுவராகத் தெரிந்தெடுக்கப்பட்டோர், விழாவுக்கு முன் பத்து மாதம் எலிஸ் நகரிலே தமக்கென அமைந்த மனையில் தங்கி, சட்டக்காவலர் என்னும் முதியோரிடம் தம் கடமைகளைக் கற்றனர் என்று பௌசானியாஸ் எழுதிவைத்தார். ஆடுவோர் பயின்றமை போலவே தீர்ப்போரும் பயின்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நம் திருமறையிலும், யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து வழக்குத் தீர்த்த மோசேயைக் கண்ட அவர் மாமன் எத்திரோ, இவ்வாறு செய்தால் நீயும் இளைப்பாய், மக்களும் இளைப்பர் என்று அறிவுறுத்திய செய்தி உள்ளது. தக்கோரைத் தெரிந்தெடு, அவர்க்குக் கட்டளைகளையும் வழியையும் கற்பி, சிறு வழக்கை அவர் தீர்க்கட்டும், பெரியது உன்னிடம் வரட்டும் என்பது அவர் சொன்ன முறை. மூவாயிரம் ஆண்டு கடந்தும் நடுவர் பயிற்சிக்கு இதனினும் தெளிந்த முறை ஒன்று சொல்வார் இல்லை. அம்முறையை மோசே தன் நாட்டாரிடமன்றி மீதியானிய முதியவரிடம் கற்றார் என்பதும் நோக்கத்தக்கது.

அண்மைக் காலத்தார் வாழ்வும் இதனையே காட்டும். சென்னையில் 1945ஆம் ஆண்டு பிறந்த எஸ். வெங்கடராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர். 1975, 1979ஆம் ஆண்டுகளின் உலகக் கோப்பைகளில் இந்திய அணித்தலைவர். ஆடி ஓய்ந்தபின் நடுவராகி, 73 டெஸ்ட் ஆட்டங்களில் நின்று, 2002ஆம் ஆண்டு ஐ.சி.சி. முதன்முதல் வகுத்த எண்மர் கொண்ட உயர்நிலை நடுவர் குழுவிலும் இடம்பெற்றார். ஆடியதினும் நடுவராய் நின்றது மிகுதி. 2020ஆம் ஆண்டு அக்குழுவிற் சேர்ந்த நிதின் மேனனின் தந்தையார் நரேந்திர மேனனும் அனைத்துலக நடுவராயிருந்தவர். மகனுக்கு ஆசான் வீட்டிலேயே வாய்த்தார். 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்தாண்டு சிறந்த நடுவர் எனப் பரிசு பெற்ற ஆஸ்திரேலியர் சைமன் டௌஃபெல், 2012ஆம் ஆண்டு களத்தை விட்டு நீங்கியதும் மேற்கொண்ட பணி பிற நடுவர்களைப் பயிற்றுதலே. புகழின் உச்சியில் நின்றவர், தமக்குப்பின் வருவார்க்கு வழிகாட்டுதலைத் தாழ்வென எண்ணவில்லை.

கால்பந்தில், 2002ஆம் ஆண்டு கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் துணை நடுவராய்ப் பணியாற்றிய கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டினரே. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இந்திய அணியில் ஆடியபின் 2016ஆம் ஆண்டு ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆடவர் ஆட்டங்களில் மகளிர் மூவர் நடுவராக நின்றபோது, அவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன். ஆகவே இப்பணியில் உயர்தற்குரிய திறம் நம் நாட்டார்க்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின், இவர்கள் எழுந்த இடங்களில் சங்கங்கள் இருந்தன, மைதானங்கள் இருந்தன, கேட்டால் சொல்வார் இருந்தனர். அவை மூன்றும் இல்லாத மலையூரில், அவற்றுள் ஒன்றையேனும் நாம் கொண்டுசேர்த்தல் கூடும். கேட்டால் சொல்லும் ஒருவரே அந்த ஒன்று.

தமிழ் மாணவராகிய எமக்கு இவ்விடத்து ஒரு நூல் நினைவிற்கு வருகின்றது. பத்துப்பாட்டுள் இறுதியாகிய மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். அதன் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, ஜவ்வாது மலையின் அடியிலுள்ள இந்நாட் செங்கமே. முன்னே சென்று பரிசில் பெற்று மீண்ட கூத்தன், பின்னே வரும் கூத்தனை வழியிற் கண்டு, செல்லும் நெறியைச் சொல்லுகின்றான். நன்னன் கொடையாளி என்று மட்டும் சொல்லி விடுத்தானல்லன். பன்றிக்குப் பொருத்திய பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் எவ்வழி வரும், வழுக்கும் பாறையில் எதனைப் பற்றி நடப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். முன்சென்றவன் பின்வருவானுக்குச் செய்யும் பேருதவி இதுவே. இதனை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம் மொழி. இளநடுவர்க்கு வேண்டியதும் இத்தகைய ஆற்றுப்படையே: பொறியும் குழியும் வழுக்குப்பாறையும் எங்கே உள என்று அவ்வழி நடந்த ஒருவர் சொல்லுதல்.

இனி, எம் கருத்துக்கு எதிராக எழும் தடைகளை நோக்குவோம். மலையூர் இளைஞன் தன் உறவினர் ஆடும் ஆட்டத்தில் நடுநிற்பானோ என்பது முதல் தடை. இத்தடை மலைக்கு மட்டும் உரியதன்று. டெஸ்ட் ஆட்டங்களிலேயே ஆட்டம் நடக்கும் நாட்டினரே நடுவராய் நிற்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. அதனால் எழுந்த ஐயம் தீரும்பொருட்டு, 1986ஆம் ஆண்டு லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டில் இந்தியரான வி. கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவராக அழைக்கப்பட்டனர். நாடுகளுக்குப் பொருந்திய மருந்து ஊர்களுக்கும் பொருந்தும். ஓரூர் இளைஞன் அவ்வூர் ஆடாத ஆட்டத்தில் நிற்க. அவனூர் ஆடும் நாளில் மற்றோரூரான் நிற்க. இதனால் ஊர்க்கு ஊர் நட்பும் வளரும்.

கூலியின்றி எவர் இவ்வேலைக்கு வருவார் என்பது இரண்டாம் தடை. நியாயமான வினா. வெற்றி பெற்ற அணிக்குக் கேடயமும் பணமும் திரட்டும் ஊரார், நடுவர்க்கு ஒரு நாட்கூலியும் வண்டிச் செலவும் ஒதுக்குதல் கடினமன்று. அதனை இரு அணியும் ஆட்டத்துக்கு முன்பே சமமாக ஈந்துவிடுக. வென்றபின் ஈயும் பணம் பரிசு போலும், தோற்றபின் ஈயாத பணம் தண்டனை போலும் தோன்றும்.

மூன்றாம் தடை மலை மாணவர் ஒருவர் எம்மிடம் கூறியது; எம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது. ‘கீழிருந்து வருவோர் அனைவரும் எமக்குக் கற்பிக்கவே வருகின்றனர், கற்க வருவார் ஒருவரும் இல்லை. நான்கு நாள் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர்’ என்றார் அவர். கிறிஸ்தவ ஊழியத்தின் பெயரால் நடக்கும் கல்லூரியினராகிய நாம் இச்சொல்லைச் செவியில் ஏற்றல் வேண்டும். துணையாசான் என்பவர் மேலிருந்து சொரிபவரல்லர். ஒரு பருவம் முழுதும் உடனிருப்பவர். இருக்க இயலாதவர் செல்லாதிருத்தலே நன்று.

ஆதலின் யாம் வேண்டுவது சிறியது, ஆனால் நீடிப்பது. நம் கல்லூரியில் கபடியும் கைப்பந்தும் ஆடி, நடுவர் தேர்விலும் தேறிய மாணவரும் பழைய மாணவரும் உளர். அவருள் விருப்பமுடைய சிலரைத் தெரிந்து, ஒவ்வொருவர்க்கும் மலையூர் இளைஞர் இருவரை, இயன்றால் அவருள் ஒரு பெண்ணை, இணைத்தல் வேண்டும். முதற்படியில் இளைஞர் பக்கத்தில் நின்று காண்க. இரண்டாம் படியில் புள்ளி எழுதுக, கோடு பார்க்க. மூன்றாம் படியில் விசில் அவர் கையில். துணையாசான் கோட்டுக்கு வெளியே. ஆட்டம் நடக்கும்போது கூட்டத்தார் கேட்க ஒரு சொல்லும் திருத்தலாகாது. உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வரும் வேளையன்றி ஆசான் களத்துட் புகுதலும் ஆகாது. ஆட்டம் முடிந்தபின், தேநீர்க் கடையிலோ மரத்தடியிலோ அமர்ந்து, ‘அந்தப் பிடியை எங்கிருந்து பார்த்தாய்?’ என்று வினவுக. ‘நீ தவறினாய்’ என்று தொடங்குவதினும் இவ்வினாவாற் பெறும் பயன் பெரிது. விதி மாற்றங்களைத் தமிழில் எழுதிய சிறு குறிப்பேடு ஒன்று ஆண்டுதோறும் அவர் கையிற் சேர்தல் வேண்டும். ஹாங்சௌவில் விளைந்த குழப்பத்துக்கு வேர் பழைய விதியும் புதிய விதியும் கலந்தமையே என்பதை மறவற்க.

வேற்றுநாட்டார் கையாளும் வழி ஒன்றும் ஈண்டுக் கொள்ளத்தக்கது. ஆஸ்திரேலியாவில் சில விளையாட்டுகளில் புதிதாய் வந்த இளநடுவர் பச்சைச் சட்டை அணிந்து நிற்பர். இவர் கற்பவர், இவரிடம் பொறுமை காட்டுக என்பது அதன் பொருள். நம் ஊர்களிலும் ஒரு பச்சைத் துண்டைத் தோளிற் கட்டி, ஆட்டம் தொடங்குமுன் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு அதன் பொருளைக் கூட்டத்துக்கு அறிவித்தல் எளிதேயாகும். பெரியவர் சொல்லுக்கு மலையூரில் இன்றும் மதிப்பு உண்டு.

முதலாண்டு நாம் பழக்குவோம். இரண்டாமாண்டு பழகியவர் தம் ஊரில் வேறிருவரைப் பழக்குக. மூன்றாமாண்டில் நாம் விலகுதல் வேண்டும். விலகாத உதவி கட்டாய் முடியும். இக்கருத்து நம் சபை மரபுக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி செய்தது அதுவே. அங்குப் பயின்றோர் நாடெங்கும் பள்ளிகளிற் சென்று, தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தனர். பக் 1943ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய பணி அவரோடு மறையவில்லை.

இறுதியாக ஒன்று. இம்முயற்சி கைகூடிற்றா என்பதை அளத்தற்கு அறிக்கைகளும் படங்களும் வேண்டா. நம் கல்லூரி விளையாட்டு விழாவில், மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சூழ்ந்திருக்க, இறுதிக் கபடி ஆட்டத்துக்கு ஜவ்வாது மலையினின்று வந்த ஓர் இளைஞனோ நங்கையோ விசிலைக் கையில் ஏந்தி நிற்றல் வேண்டும். நம் அணித்தலைவனை நோக்கி வெளியே என்று கை காட்டல் வேண்டும். நம்மவர் ஒரு சொல்லும் மறுத்துரையாது வெளியேறுதல் வேண்டும். அந்நாள் விரைவில் வருக! அதற்குரிய முதல் வேலை இவ்வாண்டுப் பருவத்திலேயே தொடங்குக!